வேட்டைக்காடும் வேலைக்காடும்



காட்டுப் பக்கம் போனால் எதற்கு அஞ்ச வேண்டும் என்று வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் புலி என்பார்கள், பாம்பு என்பார்கள். துணிச்சலான பையன் ஒருவன் பேய் என்றும் சொல்வான். மனிதன் தோண்டிய குழியையும், மனிதன் கட்டிய கம்பிச் சுருக்கையும், மனிதன் தோளில் மாட்டியிருக்கும் துப்பாக்கியையும் எவரும் சொல்வதில்லை. ஆனால் இந்த நாட்டின் வரலாற்றைப் புரட்டினால், விலங்குக்கு வைத்த பொறியில் மனிதன் அகப்பட்ட கதை, விலங்கு மனிதனை அடித்த கதைக்குப் பக்கத்திலேயே நடந்து வருகிறது. வேட்டைக்காட்டுக்கும் வேலைக்காட்டுக்கும் நடுவே வேலி இருந்ததில்லை. அந்த இரண்டு காடுகளும் ஒன்றையொன்று எவ்வாறு தொட்டுக்கொண்டு வந்தன என்பதையே இன்று பார்க்கவிருக்கிறோம்.

சிங்கப்பூரிலிருந்து தொடங்குவோம். 1819இல் ஆங்கிலேயர் அங்கே வந்து இறங்கியபின், தீவின் உட்பகுதியில் சீனர்கள் காம்பியரும் மிளகும் பயிரிட்டனர். காம்பியர் இலையைக் கொப்பறையில் போட்டுக் காய்ச்ச வேண்டும். காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். விறகுக்காகச் சுற்றிலும் காட்டை அழித்தார்கள். மண் சத்திழந்ததும் தோட்டத்தை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். விட்டுப்போன நிலத்தில் லாலாங் புல்லும் தூறும் மண்டின. புலிக்கும் பன்றிக்கும் அதைவிட வசதியான இடம் வேறு ஏது? 1831 முதல் புலி மனிதனைக் கொன்ற செய்திகள் பத்திரிகையில் வரத் தொடங்கின.

1835இல் நடந்த நிகழ்ச்சி ஒன்று நம்மவர்க்குத் தொடர்புடையது. அரசாங்கப் பொதுப்பணிக்குப் பொறுப்பாயிருந்த கோல்மன் என்னும் கட்டடக் கலைஞர், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு காட்டில் சாலைக்காக நிலம் அளந்துகொண்டிருந்தார். புதரிலிருந்து பாய்ந்த புலியொன்று அளவைக் கருவியின்மேல் விழுந்து அதை நொறுக்கிவிட்டு ஓடிவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. பிற்காலத்தில் ஜெர்மானிய ஓவியர் ஒருவர் இக்காட்சியை வரைந்தார். அப்படம் இன்றும் சிங்கப்பூர் வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. அதைப் பார்க்கிறவர்கள் புலியையும் வெள்ளைக்காரரையும் பார்ப்பார்கள். பின்னால் அஞ்சி நிற்கும் கைதிகளையும் சற்றே பாருங்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு.

புலித்தொல்லை மிகவே, புலியைக் கொல்பவர்க்கு அரசாங்கம் பரிசு அறிவித்தது. 20 வெள்ளியில் தொடங்கிய பரிசு, 50, 100 வெள்ளி என்று ஏறியது. நாளொன்றுக்கு ஓர் ஆள் பலி என்று அக்காலத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தக் கணக்கு மிகையாக இருக்கலாம். ஆனால் போலீசுக்கு வந்த கணக்கும் சரியான கணக்கன்று. செய்தி பரவினால் கூலியாட்கள் ஓடிவிடுவார்கள் என்று அஞ்சித் தோட்ட முதலாளிகள் பல மரணங்களை மறைத்தார்கள் என்று அக்காலத்தவரே எழுதிவைத்திருக்கின்றனர். வேலைக்காட்டில் ஆபத்து இருக்கிறது என்பதை வேலை செய்பவனிடமே சொல்லாமல் மறைக்கும் வழக்கம் அத்தனை பழையது.

1859ஆம் ஆண்டளவில் புக்கிட் தீமாவுக்கு அருகே ஒரு சிற்றூரை மக்கள் கொஞ்ச காலம் கைவிடவே நேர்ந்தது. அச்சமயம் இந்தியக் கைதிகளில் சிலர் சிறு குழுக்களாகத் துப்பாக்கி கொடுத்துப் புலிவேட்டைக்கு அனுப்பப்பட்டனர். கைதியின் கையில் துப்பாக்கி! அரசாங்கத்துக்கு அவர்கள்மேல் இருந்த நம்பிக்கையா, அல்லது அவர்கள் உயிரைப் பற்றிய அலட்சியமா என்று என் நண்பர் ஒருவர் கேட்பார். இரண்டும் கலந்தே இருந்திருக்க வேண்டும்.

இப்போது குழிகளுக்கு வருவோம். 1854இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் சிங்கப்பூருக்கு வந்தார். உயிரினங்கள் மாறி வளர்ந்த முறையைப் பற்றி டார்வினைப் போலவே தாமாகச் சிந்தித்துக் கண்டவர் இவர். புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரோடு தங்கி, நாள்தோறும் காட்டுக்குள் சென்று வண்டுகளைச் சேகரித்தார். அந்தக் காட்டில் புலிக்காக வெட்டிய குழிகளைப் பற்றித் தம் நூலில் எழுதியிருக்கிறார். குழிகள் 15 முதல் 20 அடி ஆழம். மேலே குறுகி, அடியில் அகன்று இருக்கும். ஆகவே உள்ளே விழுந்தவன் பிறர் உதவியின்றி ஏறி வரவே முடியாது. வாயைக் குச்சிகளாலும் இலைகளாலும் திறமையாக மூடியிருப்பார்கள். பலமுறை தாமே விழத் தெரிந்து தப்பியதாக அவர் சொல்கிறார். அதற்குமுன் குழியின் அடியில் கூரிய கழு ஒன்றை நட்டுவைக்கும் வழக்கமும் இருந்ததாம். வழிப்போக்கன் ஒருவன் விழுந்து கழுவில் குத்துண்டு இறந்தபிறகுதான் கழு நடுவதைத் தடை செய்தார்கள்.

அந்த வழிப்போக்கன் யார், எந்த ஊரான், எந்த மொழிக்காரன் என்பதை வாலஸ் எழுதவில்லை. ஆனால் இந்நாட்டு வேட்டை வரலாற்றில் விலங்குக்காக அல்லாமல், நடந்து போகும் மனிதனுக்காக ஏற்பட்ட பழைய விதி இது என்பதால், பெயரில்லாத அந்த மனிதனை நான் மறப்பதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். தடை செய்யப்பட்டது கழு மட்டுமே. குழி தொடர்ந்து இருந்தது. வாலஸ் கண்டவை கழுவில்லாத குழிகள்.

தீபகற்பத்தின் கிராமங்களில் குழியோடு வேறொரு பொறியும் வழக்கில் இருந்தது. மலாய்க்காரர்கள் அதைப் பெலாந்திக் என்பார்கள். வளைத்துக் கட்டிய கொம்பு ஒன்றில் ஈட்டி பொருத்தப்பட்டிருக்கும். விலங்கின் தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கயிறு ஓடும். கயிற்றை இடறினால் கொம்பு நிமிர்ந்து ஈட்டி பாயும். பன்றியின் விலா உயரத்துக்கு அதை வைப்பார்கள். பன்றியின் விலா உயரம் என்பது வளர்ந்த ஆளுக்குத் தொடை உயரம், சின்னப் பிள்ளைக்கு வயிற்று உயரம். பொறி வைத்தவனுக்கு இடம் தெரியும். புதிதாக வந்தவனுக்குத் தெரியாது. இந்த ஒரு வேறுபாட்டில்தான் அன்று முதல் இன்று வரை எல்லா ஆபத்தும் அடங்கியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரப்பர் வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்து காட்டை வெட்டிப் பால்மரம் நட்டார்கள். துரைமார்களில் பலர் வேட்டைப் பிரியர்கள். காட்டெருதும் யானையும் சுடுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. அவர்களுள் ஒருவர் தியோடர் ஹப்பக். 1895இல் மலாயாவுக்கு வந்தவர். 1905இல் யானை, காட்டெருது வேட்டையைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். பின்னாளில் அவர் துப்பாக்கியை வைத்துவிட்டு நிழற்படக் கருவியைத் தூக்கினார். விலங்குகளைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். 1930இல் அமைந்த வனவிலங்கு விசாரணைக் குழுவுக்கு அவர் ஒருவரே ஆணையர். ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டு, 1932இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். இன்று தாமான் நெகாரா என்று நாம் போற்றும் தேசியப் பூங்கா, 1938, 1939ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் உருவானதற்கு அவருடைய உழைப்பே முதன்மைக் காரணம்.

பயிரைக் காக்கத் துப்பாக்கி வேண்டும் என்பது விவசாயியின் கட்சி. பயிர்க்காவல் என்ற பெயரில் காட்டு விலங்கெல்லாம் சுடப்படுகிறது என்பது ஹப்பக்கின் கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. அந்த வாக்குவாதத்தில் விடிகாலை இருட்டில் மரத்தடியில் குனிந்து நின்றவனைப் பற்றிய பேச்சுக்கு அதிகம் இடமில்லாமற் போயிற்று.

1948 ஜூன் மாதம் அவசரகாலம் பிறந்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்று விதி வந்தது. ஊரடங்கு வந்தது. இருட்டோடு புறப்பட்டுப் பழகிய பால்வெட்டுத் தொழிலாளி, கேட் திறக்கும் நேரத்துக்காகக் காத்து நிற்க நேர்ந்தது. காட்டோரத்தில் அசைவது யார் என்று பார்க்குமுன் சுட்டுவிடக்கூடிய காலம் அது. அதே ஆண்டுகளில் திரங்கானுவில் ஆட்கொல்லிப் புலிகளின் தொல்லையும் மிகுந்திருந்தது. கெமாமானில் மாவட்ட அதிகாரியாக இருந்த லோக் என்பவர் அந்தப் புலிகளைத் தேடிச் சுட்டவர். 1954இல் அவர் வெளியிட்ட நூல் அவ்வரலாற்றைக் கூறுகிறது. பலியானவர்களுள் பால்மரம் வெட்டியவர்களும் இருந்தனர். மலாயாவில் அப்பொழுது சுமார் 3,000 புலிகள் இருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார்.

இன்றைய கணக்கு என்ன? அண்மையில் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி 150க்கும் குறைவு. சிங்கப்பூரிலோ, 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டதே கடைசிக் காட்டுப் புலி. புலி போனால் நமக்கு நிம்மதி என்று எண்ணலாம். ஆனால் பன்றியைத் தின்னும் பெரிய விலங்கு புலிதான். புலி குறைந்தது, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, உதிர்ந்த செம்பனைப் பழம் பன்றிக்கு ஆண்டு முழுவதும் விருந்தாயிற்று. நெகிரி செம்பிலானில் பாசோ காட்டில் 1996இல் ஆய்வாளர் கணக்கிட்டபோது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் என்று தெரிந்தது. 1998இல் அது 27. காட்டுப்பன்றிக்கு இவை மிக உயர்ந்த எண்கள். பன்றி பெருகினால் பன்றி சுடுபவரும் பெருகுவர். பழைய காலத்தில் புலி நின்ற இடத்தில் இன்று துப்பாக்கி நிற்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி போலீசின் உரிமம் வேண்டும். வேட்டைக்கு வனவிலங்கு இலாகாவின் உரிமம் தனியாக வேண்டும். 1955ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 1972இலும், அதற்குப் பதிலாக 2010இலும் புதிய வனவிலங்குச் சட்டங்கள் வந்தன. மான் இனங்கள் மிகவும் அருகிவிட்டதால் 2009 முதல் தீபகற்பத்தில் மான் வேட்டைக்கு உரிமம் கொடுப்பதையே சில ஆண்டுகள் நிறுத்திவைத்தார்கள்.

மற்ற நாடுகளில் வேட்டைப் பருவம் என்று காலண்டரில் குறித்துக்கொள்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குப் பருவத்தைக் காட்டுவது காலண்டர் அன்று. மரவள்ளி முற்றும்போது, டுரியான் உதிரும்போது, இளஞ்செம்பனை நட்ட முதல் ஆண்டில், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வேட்டைக்காரர் வருவர். தீபாவளியை ஏன் சொன்னேன் என்று நேயர்களுக்கு விளங்கும். காட்டுப்பன்றி இறைச்சியின் ருசியறிந்த கூட்டம் நம்மில் குறைவில்லை. குற்றம் முழுவதையும் வெளியாள்மேல் சுமத்த முடியாது.

வேட்டைக்காரர் தூக்கிவரும் துப்பாக்கி பெரும்பாலும் நடுவில் மடியும் செனாப்பாங் பாத்தா. அதைப் பன்னிரண்டாம் எண் என்பார்கள். இதன் பொருள் என்ன தெரியுமா? ஒரு ராத்தல் ஈயத்தைப் 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் அளவாகப் பொருந்தும். பன்றிக்குப் போடும் தோட்டாவில் ஏறத்தாழ 8 அல்லது 9 பெரிய ஈயக்குண்டுகள் இருக்கும். சுட்டவுடன் அவை பரவும். ஒரு குண்டு பன்றியில் பட்டால், மற்றவை எங்கே போயின என்று சுட்டவரே சொல்ல முடியாது. தவறிய குண்டு சில நூறு கெஜம் வரை போகும்.

இங்கே பால்மரக் காட்டின் அமைப்பைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்க வேண்டும். மரங்கள் நிரை நிரையாக நிற்கின்றன. நிரையின் ஊடே பார்த்தால் நெடுந்தூரம் தெரிகிறது. குண்டும் அந்த வழியே நெடுந்தூரம் போகும். குறுக்கே பார்த்தால் மரம் மறைக்கிறது. ஆகவே வேட்டு கேட்டால் நிரையின் நடுச்சந்தில் ஓடக்கூடாது. பெரிய மரத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டு உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். செம்பனைக் காட்டில் நிலைமை இதைவிட மோசம். தொங்கும் மட்டைகளுக்கு அப்பால் அசைவது பன்றியா, பழம் பொறுக்கும் பெண்ணா என்பது பத்தடியில்கூடத் தெரியாது. குனிந்த முதுகு, கறுப்புச் சட்டை, காய்ந்த இலையில் சரசரப்பு. பன்றி என்று எண்ணித் தோழனையே சுட்டுவிட்ட செய்திகளை நாம் பத்திரிகையில் அவ்வப்போது வாசிக்கிறோம். கூட வந்த தோழனையே அடையாளம் தெரியவில்லையென்றால், வேட்டை நடப்பதே அறியாமல் மரத்தடியில் நிற்பவரை எப்படித் தெரியும்?

நான் முன்பு பணியாற்றிய தோட்டம் ஒன்றில் ஞாயிறு காலைகளில் வெளியூரிலிருந்து நாய்களோடு வேட்டைக்கு வருவார்கள். நாய் குரைத்தால் போதும், லயத்துப் பையன்கள் அந்தத் திசைக்கு ஓடுவார்கள். வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி ஊதல் செய்வது அவர்களுக்கு விளையாட்டு. ஒரு திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் பென்சில் பெட்டியிலிருந்து நான்கு தோட்டாக்களை எடுத்து வரிசையாக மேசைமேல் வைத்தான். மூன்று வெற்று. நான்காவது கனமாக இருந்தது. அது சுட்டும் வெடிக்காமல் விழுந்த தோட்டா. அதை அவன் முதல் நாள் அடுப்பங்கரைத் திட்டில் காய வைத்திருந்தானாம். தலைமையாசிரியர் போலீசை அழைத்து ஒப்படைத்தார். அந்த வாரமே தோட்ட நிருவாகத்திடம் முறையிட்டோம். வேட்டைக்காரர் வருவது எவருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை என்று பதில் வந்தது. எவருக்கும் தெரியாமல் துப்பாக்கி எப்படி கேட்டைக் கடந்தது என்று கேட்டோம். அதற்குப் பதில் வரவில்லை. பிறகு கிராணியார் ஒருவர் தாமே முயன்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். வேட்டை நடக்கும் நாளுக்கு முந்திய மாலையில், எந்தக் காட்டு எண்ணில் வேட்டை என்று பெரட்டுக் களத்துப் பலகையில் எழுதுவார். சிவப்புக் கொடி ஒன்றும் கட்டுவார். செலவில்லாத காரியம். அதன்பின் ஞாயிற்றுக்கிழமையில் விறகுக்குப் போகிற பெண்கள் முதலில் பலகையைப் பார்த்துவிட்டே போனார்கள்.

உங்கள் வட்டாரத்தில் இப்படி ஒரு பலகை இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதை எத்தனை மொழியில் எழுதுவது என்பதையும் யோசியுங்கள். இன்று பல தோட்டங்களில் வேலைக்காட்டில் நிற்பவர்கள் இந்தோனீசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நூறாண்டுக்கு முன் நம் பாட்டனார் இருந்த நிலையில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். இடம் புதிது, மொழி புதிது. தமிழில் மட்டும் எழுதிய பலகை அவர்களைக் காப்பாற்றாது.

விடிகாலையில் காட்டுக்குள் போகிறவர்கள் வெளிர் நிறச் சட்டையோ, பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டையோ அணிவது நல்லது. நமக்குப் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம் மானுக்கும் பன்றிக்கும் அப்படித் தெரியாது; ஆகவே வேட்டைக்காரரும் அதை அணிய மறுக்கக் காரணமில்லை. பல மேல்நாடுகளில் சட்டமே அவ்வாறு கட்டளையிடுகிறது. நெற்றி விளக்கை அணைத்துவிட்டு நடக்காதீர்கள். இருவராகப் போங்கள், பேசிக்கொண்டே போங்கள். நம் தாய்மார்கள் காட்டில் உரக்கப் பேசுவதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். அது பிழைத்திருப்பவர்களின் வழக்கம். நாய்கள் ஓரிடத்தில் கூடிக் குரைக்கின்றன என்றால், அங்கே பன்றி மடக்கப்பட்டிருக்கிறது, துப்பாக்கியும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பொருள். அதற்கு எதிர்த்திசையில் நடங்கள். காயம்பட்ட பன்றி தூறுக்குள் படுத்திருக்கும். இரத்தத் துளியைக் கண்டால் அதைத் தொடர்ந்து போவது வேட்டைக்காரரின் கடமை, நம் வேலையன்று. அதன் கொம்புப்பல் மனிதனின் தொடையைக் கிழிக்கும் உயரத்தில் இருக்கிறது.

கடைசியாகக் கம்பிச் சுருக்கு. குழியும் பெலாந்திக்கும் பெரும்பாலும் மறைந்தன, சுருக்கு மறையவில்லை. சைக்கிள் பிரேக் கம்பியிலும், வண்டிக் கேபிளிலும் செய்து தடத்தில் கட்டிவிடுகிறார்கள். கட்டுபவர்களில் நம் ஆட்களும் உண்டு. 2010ஆம் ஆண்டின் சட்டப்படி சுருக்கு வைப்பது குற்றம்; தண்டனை கடுமை. பன்றிக்கு வைத்த சுருக்கில் புலியின் கால் அறுந்திருக்கிறது, யானைக்குட்டியின் கால் அழுகியிருக்கிறது. வேட்டை நாயும் வீட்டு நாயும் அதில் செத்திருக்கின்றன. சுருக்கைக் கண்டால் கையால் தொட்டு அவிழ்க்க முயலாதீர்கள். வளைத்துக் கட்டிய கொம்பு விசையோடு நிமிர்ந்து முகத்தில் அடிக்கும். அதில் விலங்கு அகப்பட்டிருந்தால் கிட்டவே போகவேண்டாம். பக்கத்து மரத்தில் துணியொன்றைக் கட்டி அடையாளமிட்டு, நிரை எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி அலுவலகத்திலோ வனவிலங்கு இலாகாவிலோ சொல்லுங்கள். ஒரு சுருக்கு இருக்கும் தடத்தில் பக்கத்திலேயே இன்னும் பல இருக்கும். ஆகவே திரும்பி வரும்போது பக்கத்துத் தூறுக்குள் கால் வைக்காமல், முன்பு மிதித்த இடத்திலேயே மிதித்து வாருங்கள்.